புரட்டாசியில் ஏறிய எடை

என் தம்பியின் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. என்னுடையதில் ஒரு பகுதியை வெட்டி அவனுக்கு வைக்கலாம், ரத்தமும் பொருந்துகிறது என்றார்கள். ஆனால் என் கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருந்தது. எடையைக் குறைத்து அதைக் கரைத்துக்கொண்டு வந்தால்தான் கத்தியை எடுப்போம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கொழுப்பு உனக்கு வாயிலதான்னு நெனச்சேன்க்கா" என்றான் தம்பி, மஞ்சள் பூத்த கண்ணோடு. சிரித்துவைத்தேன்.

எடைக் குறைப்பு வகுப்பில் சேர்ந்தேன். சாப்பிடுமுன் தட்டைப் படமெடுத்து உணவு ஆலோசகருக்கு அனுப்ப வேண்டும். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, மீதி மீனோ கோழியோ. ரவாங் டவுனில் பேக்டரி வேலை முடிந்து ஈஜோக்கில் வீடு திரும்பியதும் செம்பனைத் தோட்டத்து ரோட்டில் வேர்க்க வேர்க்க நடப்பேன். "என்ன இப்படி இளைச்சிட்ட, சுகர் வந்துருச்சா?" என்பார்கள் எதிரே வருபவர்கள். கேட்டுத் தொலையட்டும். எடை இறங்கியது.

அப்புறம் புரட்டாசி வந்தது. தம்பி பிழைக்க வேண்டுமென்று மாதம் முழுக்கச் சைவம் நேர்ந்துகொண்டேன். கவுச்சி இல்லையென்றால் உடம்பு தானாக வற்றிவிடும் என்று நானும் நம்பினேன், பாருங்கள்! சமையல் அம்மாவுடையது. சோயாவில் செய்த சைவ மட்டன் வறுவல், உருளைக்கிழங்கு, அப்பளம், சனிக்கிழமை படையலுக்குப் பாயசம். விரதச் சாப்பாட்டைப் போய்ப் படமெடுப்பதாவது என்று போனையும் தொடவில்லை.

மாதக் கடைசியில் வகுப்பில் நிறுத்துப் பார்த்தார்கள். இறங்கியதெல்லாம் திரும்ப ஏறியிருந்தது.

"சைவம்னாலும் எண்ணெய் எண்ணெய்தானேக்கா" என்றார் ஆலோசகர். "ஆப்பரேஷன் தள்ளிப்போகும் லா."

தள்ளிப்போக அவனுக்கு நாள் இருக்கிறதா?

வீட்டில் அம்மா என் தட்டில் சோற்றைக் குவித்து நெய் ஊற்றினார். எனக்கு வந்ததே கோபம்!

"போதும்மா! நான் இளைச்சாத்தானே அவன் பிழைப்பான்? இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார் அம்மா. நெய்க் கரண்டி கையிலேயே இருந்தது. "நீ இளைச்சதும் உன்னையும் வெட்டுவாங்க. அவனுக்குத்தான் நோவு. நீ நல்லா இருக்கிற புள்ளடி. ரெண்டு பேரும் போயிட்டா நான் யாருக்குச் சோறு போடுவேன்?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. சொன்னால் என்னை ஆப்பரேஷனுக்கு விடவே மாட்டார். பாதிச் சோற்றை அள்ளித் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.