பெயரைச் சொல்லாமல் போன் போடுவது எப்படி?

போன வாரம் வில்லாபுரத்தில் அக்கா வீட்டில் ஒரு செல்போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கொஞ்ச நாளைக்குப் போன் திரையைப் பார்க்கவே கூடாதாம். மச்சானுக்கு வாடிப்பட்டியில் உரக்கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பகல் முழுக்க அக்கா தனி. சுகர் வேறு... திடீரென்று இறங்கினால் தலை சுற்றும். அந்த நேரத்தில் திரையைப் பார்க்காமலே மச்சானைக் கூப்பிட வேண்டும். அதற்குத்தான் வாய்ஸ் அசிஸ்டென்ட்.

"கணேசனுக்கு போன் போடு" என்று நான் சொன்னால் உடனே மச்சானுக்கு ரிங் போகிறது. அக்கா சொன்னால்? 'மன்னிக்கவும், புரியவில்லை.'

எனக்குப் பொறுமை கிடையாது — இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பழைய குரல் பதிவை அழித்தேன். புதிதாகப் பேச வைத்தேன். போன் சொல்லச் சொன்னதையெல்லாம் அக்கா கணீரென்று சொன்னாள். பிறகு மச்சானைக் கூப்பிட்டாள். புரியவில்லை! மறுபடி அழித்தேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போனை ஆஃப் செய்து ஆன் செய்து... வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம். மறுநாள் மச்சான் கடைக்குப் போயாக வேண்டும்.

"ஏன்டா, இதுக்குக் காது மந்தமா?" என்றாள் அக்கா.

கடுப்பில் அவள் வாய்க்குப் பக்கத்தில் என் காதை வைத்தேன். "...க்கு போன் போடு" என்கிறாள். பெயர் வரவேண்டிய இடத்தில் உதடு மட்டும் அசைகிறது!

"பேரு எங்கக்கா?"

"சொன்னேனேடா."

"யாருக்குக் கேட்டுச்சு?"

"புருசன் பேர எப்பிடிடா சத்தமாச் சொல்றது?"

பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இத்தனை காலமும் 'ஏங்க' என்றே குடும்பம் நடத்தியிருக்கிறாள். நானோ போனின் காதைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"'வீட்டுக்காரர்'னு மாத்திரவா?"

"அதுவும் கூச்சமாத்தான் இருக்கு. அவசரம்னா பேரையே சொல்லிக்கிருவேன், போடா."

எப்படி நம்புவது? பழங்காநத்தத்தில் என் வீட்டுக்குத் திரும்பியும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் நானே அடிக்கடி போன் போட்டேன். தடவித் தடவி எடுத்து, "நல்லாத்தான் இருக்கேன், வைடா" என்று எரிந்து விழுந்தாள்.

மதியம் லைன் பிஸி. மறுபடியும் பிஸி. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

அக்கா சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எதிர் வீட்டம்மா. தலை சுற்றியதும் அக்கா மச்சானைக் கூப்பிட்டிருக்கிறாள். மச்சான் அங்கிருந்தே எதிர் வீட்டுக்குப் போன் போட்டு ஓடச் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு முன்னாடியே 'கணேசன்... கணேசன்'னு சத்தம் கேட்டுச்சு தம்பி. யாரோ புள்ளையக் கூப்புடுறாகன்னு இருந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அடித்துப்பிடித்து வந்து சேர்ந்த மச்சானிடமும் எதிர் வீட்டம்மா அதையே சொன்னார். அவர் அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, மெதுவாகச் சொன்னார்:

"தெருவுக்கே கேட்டிருக்கு மாப்ள... எனக்குத்தான் கேக்கல."