வேண்டுதல் நடை

பாலக்காட்டைப் பெரிய நகரம் என்றால் கொச்சிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீனாட்சிபுரத்தில் மாடு கன்றுகளோடு இருந்துவிட்டுக் கல்பாத்திப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த எங்களுக்கு இதுவே பெரிய நகரம்தான். வீட்டில் மூன்று பேர்: நான், கணவர், மாமியார். வண்டிகள் இரண்டு. ஆனால் கோட்டைப் பக்கம் இருக்கும் என் அலுவலகத்துக்கு நான் நடந்தேதான் போவேன்.

அந்த அரை மணி நேரச் சுகம் வண்டியில் போகிறவர்களுக்குப் புரியாது. வழியில் ஒரு கடையில் நேந்திரங்காய் சிப்ஸை எண்ணெயிலிருந்து சுடச்சுட எடுப்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கி, யாருக்கும் பங்கு கொடுக்காமல் தின்றுகொண்டே நடப்பேன். மேலாளரிடம் சொல்ல முடியாததையெல்லாம் மனதுக்குள் சொல்லித் தீர்ப்பேன். அந்தச் சண்டைகளில் நான் தோற்றதே இல்லை. லாட்டரிக்காரரின் ஒலிபெருக்கி கோடிகளை அறிவித்தால், சீட்டே வாங்காமல் பரிசை வாங்கிச் செலவும் செய்து முடிப்பேன். வீட்டில் சீப்பு எங்கே என்று கேட்பார்கள், அலுவலகத்தில் ஃபைல் எங்கே என்று கேட்பார்கள். நடுவில் இருக்கும் சாலையில்தான் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அதுவும் கொஞ்ச நாள்தான். எங்கள் ஆட்களின் கணக்கில் சும்மா நடப்பவர் என்று ஒருவர் கிடையாது. ஷூ போட்டு நடந்தால் சர்க்கரை வியாதி. காவி வேட்டி கட்டி நடந்தால் பழனி. கைப்பையோடு செருப்புப் போட்டு நடந்தால் வீட்டில் ஏதோ சரியில்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் ஸ்கூட்டரை நிறுத்தி, “சேச்சி, கேறிக்கோ” என்று பின் சீட்டைத் தட்டிக் காட்டுவாள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். சொந்தக்காரர்களோ நேராக என் கணவரையே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“ஊட்டுல ரெண்டு வண்டி நிக்குது. நீ நடந்து போனா என்னையத்தான கேக்கறாங்க?” என்றார் அவர். திங்கட்கிழமையிலிருந்து தானே கொண்டுபோய் விடுவதாகவும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்காக ஒருத்தி அழுவாளா என்று கேட்கலாம். நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

கடைசி நடை என்று நினைத்துப் பெரிய பொட்டலமாக வாங்கிய அன்று, கணவரின் சித்தப்பா பைக்கில் எதிரே வந்தார். “ஏனம்மிணி, நடந்து போறே? வேண்டுதலா?” என்றார். என் வாய் நிறையச் சிப்ஸ். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அவர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் செய்தி மீனாட்சிபுரம் வரை போய்த் திரும்பிவிட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. என்ன வேண்டுதல் என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கணவர் சத்தமில்லாமல் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். அதன்பின் எந்த வண்டியும் எனக்காக நிற்கவில்லை. தெரிந்தவர்கள் ஹாரனைக்கூட அடக்கமாக அடித்தார்கள்.

நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. “வேண்டுதலுன்னா ஒத்தையில நடக்கக் கூடாது. நாளையிலிருந்து நானும் கூட வர்றேன்” என்றார் மாமியார். சாமி காரியத்தில் யார் மறுப்பு சொல்வது? என் சிப்ஸும் சண்டைகளும் கோடிகளும் ஒரே வார்த்தையில் போயின. கணவருக்கோ வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினோம். கணவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். தெருமுனை திரும்பியதும் மாமியார் நின்று, பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நீ உன்ற வழியில போ, அம்மிணி. நானு ஆத்தோரமாப் போறேன். ஊட்டுல கேட்டா, சேர்ந்தே நடந்தோம்னு சொல்லிக்கலாம்.”

“தனியாவா போறீங்க, அத்தை?”

“பின்னே? அதுக்குத்தானே கெளம்பி வந்தேன்.”

கல்யாணமான நாளிலிருந்து தொழுவத்துக்கும் அடுப்புக்கும் நடுவிலேயே நடந்தவர், என்னைவிட வேகமாக, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அவருக்கும் ஓர் அரை மணி நேரம் வேண்டியிருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. அன்று பொட்டலத்தில் பாதியை அவருக்கென்று மடித்து வைத்தேன்.

சாயங்காலம் கணவர் தன் அம்மாவிடம் கவலையோடு கேட்டார், “ஏம்மா, கால் வலிக்குதா? இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வேண்டுதலு?”

மாமியார் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சாமி காரியம்டா. அவசரப்படக் கூடாது.”