பினாங்குக்குப் போக பழவேற்காட்டில் கேட்ட வழி

பினாங்கில் போய்க் குடியிருக்கலாமா என்று கேட்பதற்காக நாங்கள் பழவேற்காட்டுக்குப் போனோம். திசை தப்பிய பயணமாகத் தோன்றலாம். ஆனால் கேட்க வேண்டிய ஆள் அங்கேதான் இருந்தார். பஷீர் அண்ணன் என் கணவர் மனோகரனோடு சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றவர்களுக்கான நீண்டகால விசாவில் ஆறு வருடமாக மலேசியாவில், பினாங்கில் இருக்கிறார். தங்கை மகள் கல்யாணத்துக்காகச் சொந்த ஊருக்கு வந்திருந்தார்.

ஞாயிறு காலை திருவொற்றியூரில் புறநகர் ரயில் ஏறினோம். பொன்னேரிக்குப் பத்து ரூபாய் டிக்கெட். எங்கள் வீடு துறைமுகத்துக்கு லாரிகள் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. காலையில் துடைத்த ஜன்னல் மத்தியானம் கறுத்துவிடும். புழுதியில்லாத ஊராகப் பார்த்துப் போகும்படி டாக்டர் சொன்னதும், இவருக்குக் கப்பல் காலத்து ஆசைகள் கிளம்பிவிட்டன. தாய்லாந்தா மலேசியாவா என்று ஒரு வருடமாக வீட்டில் பட்டிமன்றம்தான்.

மருத்துவக் காப்பீடுதான் எங்களுக்குக் கைகூடவில்லை. இவருக்கு வயது அறுபத்து நாலு, இதயத்தில் ஸ்டென்ட். போனில் தேனொழுகப் பேசிய ஏஜென்ட்டுகள் ஸ்டென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் காணாமல் போனார்கள். ஒரே ஒரு கம்பெனி சம்மதித்தது. அது கேட்ட பிரீமியத்தில் ஒரு வீட்டையே வாடகைக்கு எடுக்கலாம். ஆகவே ஆஸ்பத்திரிச் செலவை எங்கள் கைப்பணத்திலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதற்கு எந்த நாட்டு விசா ஒத்துவரும் என்பதுதான் கேள்வி.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் இவருடைய ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் அடங்கிய பையைக் கண்டக்டர் உற்றுப் பார்த்தார்.

"இன்னா சார், ஊரையே காலி பண்ணிகினு வந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. காலி பண்ணலாமான்னு கேக்கத்தான் போறோம்" என்றேன். இவர் என்னை முறைத்தார்.

திருப்பாலைவனத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. அதன்பின் வயல் குறைந்து உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இவர் ஜன்னலோரம் மாறி உட்கார்ந்து அந்தக் காற்றை ஆசைதீர உள்ளே இழுத்தார். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பயம் என்னை விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, கீழ்வீட்டில் இருக்கும் என் தங்கைதான் விடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பினாங்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? இதை நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் போகவே வேண்டாம் என்றுவிடுவார்.

பஷீர் அண்ணன் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். "மொதல்ல ஏரியப் பாருங்க, விசாவ சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்" என்று கோட்டைக்குப்பம் பக்கம் அழைத்துப் போனார். படகு ஒன்று அப்போதுதான் கரையேறியிருந்தது. கூடையில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. படகுக்காரரிடம் ஒரு கிலோ கேட்டேன்.

"இது விக்கிறதுக்கு இல்லம்மா" என்றார் ஏழுமலை என்ற அந்தப் படகுக்காரர்.

"பின்ன யாருக்கு?"

"இன்னிக்குப் பாடு செல்வத்துது. அவன் ஆஸ்பத்திரில கீறான். அவன் ஊட்ல கொண்டுபோய்க் குடுக்கணும்."

"எனக்குக் குடுத்துட்டு, பணத்த அவங்க வீட்ல குடுத்துடுங்களேன்."

"அய்ய, இன்னாம்மா நீ! அவன் எறாவுக்கு நான் எப்டி வெல சொல்றது?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பஷீர் அண்ணன்தான் விளக்கினார். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முறைக்காரர் படுத்துவிட்டால், இந்தக் குப்பத்தில் மற்றவர்கள் அவருக்காக வலை கட்டிப் பிடித்ததை அவர் வீட்டில் சேர்த்துவிடுவார்களாம்.

மத்தியானம் பஷீர் அண்ணன் வீட்டில் சாப்பாடு. இறால் எனக்கு அங்கே கிடைத்துவிட்டது. இவர் தாய்லாந்து பேச்சை எடுத்தார்.

"நீ ஆசப்படுற அந்த விசாவுக்குக் காப்பீடு கேப்பாங்க மனோ, உனக்குத்தான் தரமாட்டேங்கிறாங்களே" என்றார் பஷீர் அண்ணன். "மலேசியாவுல பேங்குல பெரிய டெபாசிட் போடணும். அதுல ஒரு பகுதிய மருத்துவத்துக்கு எடுக்க விடுறாங்க. ஆனா மொத வருஷம் கை வைக்க முடியாது. அதுதான் ஆஸ்பத்திரிப் பணம்னு நெனச்சு நான் போனேன். போன நாலாம் மாசம் பித்தப்பைல கல்லு! நல்லவேள, இங்க இருந்த கடைய விக்காம வாடகைக்கு விட்டிருந்தேன், அந்தப் பணம் கைகுடுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குன்னு தனியா எடுத்து வைங்க. வீட்ட வாடகைக்கு விடுங்க, விக்காதீங்க. ரூல மாத்திக்கிட்டே இருக்காங்க, கெளம்புறதுக்கு முன்னாடி ஒருதரம் விசாரிச்சுக்குங்க."

இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வீட்டை விற்றுவிடலாம் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஆள்! எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"பணம் இருக்கட்டும் அண்ணே. அன்னிக்கு உங்க பக்கத்துல யார் இருந்தா?"

இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருமில்லம்மா" என்றார் பஷீர் அண்ணன். "தாதிதான் தண்ணி குடுத்தா. வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா நம்ம ஏரிப் பாடு முறைய அங்க கொண்டுபோனேன். என்னாட்டம் தனியா இருக்கிறவங்க எட்டு வீடு. யார் படுத்தாலும் முறைபோட்டு ஒருத்தர் போய் உக்காரணும். பணம் அவங்கவங்களது, உக்கார்றது எல்லாரோடதும். சிரிச்சாங்க மொதல்ல. இப்ப முறை தவறுனா சண்டைக்கு வர்றாங்க."

சொன்னதோடு நிற்காமல், அந்த எட்டு வீட்டில் ஒருவரான சரோஜா என்ற அம்மாவைப் போனில் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். அந்த அம்மா குசலம் விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை. பேச்சில் 'லா' போடும் மலேசியப் பழக்கம் ஒட்டியிருந்தது.

"எப்ப வர்றீங்க? எனக்கு அடுத்த வருஷம் முட்டி ஆபரேஷன் லா. ராத்திரி முறைக்குப் பொம்பள ஆள் பத்தல."

எனக்கு யார் துணை என்று கேட்க வந்தவள் நான். முன்பின் தெரியாத ஒருத்தி என்னை எதிர்பார்க்கிறாள் என்பதில் கண் கலங்கிவிட்டது.

"ராத்திரி முறைய எனக்கே போடுங்கம்மா" என்றேன்.

மாலை பஸ்ஸில் ஏரி கண்ணுக்கு மறையும்வரை இவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவு நாளா இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா போகவேணாம்னுடுவீங்க."

"அப்ப, போலாமா?"

"நான் அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீங்க வர்றதானா வாங்க" என்றேன்.