குழாயடிச் சத்தம்

அம்மாவின் குரலைக் கேட்க நான் டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

அம்மா காசிமேட்டில் மீன் விற்றவள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், ஒரு சினிமா கம்பெனி வேன் வந்து எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேரை டப்பிங்குக்கு ஏற்றிப்போனது. குழாயடிச் சண்டைக்குக் கூட்டச் சத்தம் வேண்டுமாம். வாய்க்கு வந்ததைக் கத்தினால் போதுமாம். அன்று தண்ணி லாரிக்கு நானே குடம் தூக்கினேன். மற்ற நாட்களில் லாரி சத்தம் கேட்டாலே மொட்டைமாடியில் ஒளிந்துகொள்வேன்.

"எல்லாம் நம்ம ஜனம். அவங்களாண்ட எப்டி சண்ட போடறது? நான் வேற இன்னாவோ கத்திட்டு வந்தேன்," என்றாள் அம்மா.

"இன்னா கத்துன?"

"உனுக்கின்னாத்துக்கு? போய் வேலயப் பாரு."

தண்டையார்பேட்டையில் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். மேளமும் காமெடியனின் குரலும்தான் கேட்டன. எங்களைப்போலப் பேசி எங்களையே கிண்டலடிக்கும் காட்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவோ முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். என்ன கத்தினாள் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு வேலைக்கென்று பெங்களூர் போனேன். அம்மா இறந்த சேதி அங்கேதான் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஊருக்கே திரும்பி, அதே வீட்டில் தனியாக இருந்தேன். சுவரில் அவள் போட்டோ இருந்தது. பேச்சுதான் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் வாயே திறக்காமல் பொழுது போய்விடும்.

சினிமா அருங்காட்சியகம் போய்வந்த ஆபீஸ் தோழி ஒருத்தி, அந்தச் சண்டைக் காட்சியின் ஒலியை அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றாள். இசைக்கு ஒரு பொத்தான், வசனத்துக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று. அடுத்த ஞாயிறே இரண்டு பஸ் மாறிப் போனேன். பழைய கேமராக்கள், போஸ்டர்கள் எதையும் நான் நின்று பார்க்கவில்லை.

இருந்தது ஒரே ஹெட்போன். முன்னால் நின்ற ஜோடி மாற்றி மாற்றிக் காதில் வைத்துச் சிரித்தது. அவர்கள் நகர்ந்ததும் மூன்றாவது பொத்தானை அழுத்தினேன். ஒரே இரைச்சல். நான்காம் முறை கேட்டபோதுதான், எல்லாருக்கும் பின்னால், அம்மா.

அவள் யாரோடும் சண்டை போடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"லாரி பூடப் போவுது, எங்கடி போய்ட்ட? எவ்ளோ நேரம் கூப்டறது?"

"இதோ வந்துட்டேம்மா," என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடியும் பொத்தானை அழுத்தினேன்.