கரண்ட் இல்லாத வேலி

கனடாவில், விட்பி நகருக்கு வடக்கே குடும்பமாய்ப் பண்ணை நடத்தும் மன்னார்ப் பெண் ஒருவரிடம் மாட்டிறைச்சிக்குச் சொல்லிவைக்கப் போயிருந்தேன். மெலிந்த உடம்பு, முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. அவருடைய மாடுகள் குட்டை இனம்; என் இடுப்பளவு உயரமே இருந்தன. மேய்ந்து முடித்த துண்டுக்கும் புதுப்புல்லுக்கும் நடுவே ஒற்றை மின்வேலிக் கம்பி. அதன் ஓரமாய் இருபது மாடுகளும் முட்டாமல் மோதாமல் நின்றன. அவர் புல்லின் உயரத்தைத் தன் சப்பாத்தோடு வைத்துப் பார்த்தார். தினமும் அப்படித்தானாம். பிறகு வெறுங்கையால் கம்பியைப் பிடித்தார். நான் பதறிப் பின்வாங்கினேன்.

"பயப்பிடாதேங்கோ தம்பி, கரண்ட் இல்லை. பற்றரி செத்து மூண்டு கிழமை."

"மாடுகளுக்குத் தெரியாதோ அக்கா?"

"தெரியும். உந்த முன்னுக்கு நிக்கிறவன் மூக்கால தொட்டுப் பாத்திட்டான்."

"பிறகேன் நிக்குதுகள்?"

"நாலு மணிக்குத் திறப்பன். ஒருநாளும் பிந்தினதில்லை."

நாலு மணியானதும் கம்பியை உயர்த்தினார். மாடுகள் ஒவ்வொன்றாய், தலை குனியாமலே அதன் கீழே நடந்து போயின. புல் கடிபடும் சத்தம் மழைபோல் எழுந்தது.

மார்க்கம் நகரில் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தக் கம்பியே கண்ணுக்குள் நின்றது. என் சொல்லை நம்பி அப்படிக் காத்து நிற்க என் வீட்டில்கூட ஒருவரும் இல்லை.