மூன்றாவது கீமோவுக்குப் பிறகு

என் கணவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, வேலூரில் கீமோ ஆரம்பித்தார்கள். கீழ்பென்னாத்தூரில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் அவர். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டில் ஒரு குறை சொன்னதில்லை. மூன்றாவது கீமோ முடிந்து வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த வாரம், ரசம் இரும்பு மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் குழம்பில் உப்பே இல்லை என்றார். அதற்கு மறுநாள் உப்பு ஜாஸ்தி. கரண்டியில் எடுத்து எடுத்து ருசி பார்த்து, என் நாக்கையே நம்ப முடியாமல் போய்விட்டது. ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். சரியாகத்தான் இருக்கிறது என்றார். அதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று விளங்காமல் வாசலிலேயே நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு மோர் கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் டம்ளர் என் காலடியில் விழுந்து உருண்டது. புடவையெல்லாம் மோர். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வேணாம்னா வாயத் தொறந்து சொல்லுங்க. தூக்கிப் போடாதீங்க" என்றேன்.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இரண்டு நாள் நானும் பேசவில்லை. மாத்திரையும் கஞ்சியும் வேளைக்கு வைத்தேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதெல்லாம் இதே யோசனை. இது மருந்து செய்கிற வேலையா, நோயா, இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்த கோபமா?

நாலாவது கீமோவுக்குக் கிளம்ப வேண்டிய காலை. கார் வாசலில் வந்து நின்று வெகுநேரம் ஆகியும் அவர் அறையை விட்டு வரவில்லை. உள்ளே போனேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதல் பொத்தானே விரலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

"வெரல் இருக்கிறதே தெரியல. அன்னைக்கு டம்ளர நான் போடல. நழுவிடுச்சு."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா மருந்த நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்."

திட்ட வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். பாதியில் பார்த்தால் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தேன். அவிழ்த்து மறுபடி போட்டேன்.

மறைக்காமல் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னோம். மரத்துப்போவதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டு, விரலை மரக்கச் செய்யும் மருந்தின் அளவைக் குறைத்தார். உணர்ச்சி மெல்லத்தான் திரும்பும் என்றார்.

மீதி கீமோவும் முடிந்தது. கடைசியாக எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. விரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. காயில் கட்டுவதை விட்டுவிட்டுப் புது மோட்டார் வாங்கி விற்கிறார்.

அந்த மாதங்களில் அவர் காட்டிய சிடுசிடுப்பில் எது மருந்து, எது அவர் என்று எனக்கு இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை. போன வாரம் அவரையே கேட்டேன். தனக்கும் தெரியவில்லை என்றார்.