பாய்லர் அறைத் தூளும் வீரராகவர் அனுப்பிய மனிதரும்

பத்து அடி நடந்தால் என் கணவர் நின்றுவிடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். 1972-ல் அவருக்கு முப்பத்தேழு வயதுதான். வீரராகவப் பெருமாளை நம்பியிருக்கிற நீங்கள் எல்லாரும் கேட்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ருக்மணி. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம். கணவர் கோவிந்தசாமி பத்து வருஷம் கடற்படையில் இருந்தவர். போர்க்கப்பலில் பாய்லர் அறை வேலை. 1965-ல் விடுபட்டு வந்து, பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி ஏற முடியவில்லை என்று அங்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

காசம் என்று சொல்லி ஒரு வருஷம் ஊசி போட்டார்கள். குணமாகவில்லை. எதிர் வீட்டுக்காரி என் காதில் விழும்படியே, "அந்த ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காதீங்க" என்றாள். அன்று நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். சோறு குழைந்து போனதுகூடத் தெரியவில்லை.

ஆடி அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போனேன். நோய் கரையட்டும் என்று எல்லாரும் செய்வதுபோலக் குளத்தில் வெல்லம் கரைத்தேன். குணப்படுத்து என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "இது இன்னா வியாதின்னாவது காட்டு சாமி" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வாரமே, ஊசி போட்டவர்களே மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் எங்களை அனுப்பினார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இது காசம் இல்லம்மா" என்றார். பிறகு என் கணவரிடம், இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "நீங்க என்னென்ன வேலை பார்த்தீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

இவர் சொன்னார். நீராவிக் குழாய் சூடு வெளியே வராமல் இருக்க ஒரு வெள்ளை மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்களாம். ரிப்பேர் வந்தால் காய்ந்த பூச்சை இடித்து எடுக்க வேண்டும். அறை முழுக்கத் தூள் பறக்கும். மூக்கில் கட்டத் துணிகூடக் கிடையாது.

"அது ஆஸ்பெஸ்டாஸ்" என்றார் டாக்டரம்மா. "நுரையீரல்ல படிஞ்சிருக்கு. அதை வெளியே எடுக்க மருந்து இல்ல. ஆனா மூச்சுத் திணறலைக் குறைக்கலாம். பட்டாளத்துல வந்த வியாதின்னா உங்களுக்குப் பென்ஷன் உண்டு, எழுதிப் போடுங்க."

எழுதிப் போட்டோம். மார்கழியில் பதில் வந்தது. நோய் தொழிற்சாலை வேலையால் வந்திருக்கலாம், கப்பலில் அந்தத் தூளில் வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். கப்பலில் இவரோடு பூச்சை இடித்த இரண்டு பேருக்கும் கடிதம் போட்டோம். ஒருவர் இறந்துபோயிருந்தார். இன்னொருவருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது.

எனக்குப் பெருமாள் மேல் கோபம். தை அமாவாசைக்கு வரமாட்டேன் என்றேன். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீ வராட்டி போ. நான் நின்னு நின்னு போய்க்கினே இருப்பேன்" என்றார். தனியாக எப்படி விடுவேன்? பஸ் ஏறினோம்.

குளத்துப் படியில் உட்கார்ந்ததும் அவருக்கு இருமல் பிடித்தது. நிற்கவே இல்லை. ஜனங்கள் விலகிப் போனார்கள். தலை நரைத்த, உயரமான ஒருவர் மட்டும் நின்று குனிந்து பார்த்தார்.

"நைனா, நீ கோயிந்துதானே? பாய்லர் ரூம் கோயிந்து?"

அவர் ராயுடு. கப்பலில் இவருக்கு மேலதிகாரி. சூளூர்ப்பேட்டைக்காரர். மனைவியின் கண் நோய்க்காக வேண்டிக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் நடந்ததையெல்லாம் சொன்னோம். கேட்டுவிட்டு இவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"பம்பாய்ல கப்பல் ரிப்பேருக்கு நின்னப்போ, அந்தப் பூச்ச இடிக்க உன்ன அனுப்பினது நானு. மூணு மாசம். நீ வேணாம்னு சொல்லியும் அனுப்பினேன்."

"அப்போ யாருக்குத் தெரியும் சார்? வுடுங்க."

"அப்போ தெரியாது. இப்போ தெரியுதில்ல? நான் சொல்லலன்னா இந்தப் படி ஏற எனக்கு இன்னா யோக்கியதை இருக்குது?"

சொன்னபடி செய்தார். தன் உத்தரவின் பேரில்தான் இவர் அந்தத் தூளில் வேலை செய்தார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் பெயர் கெடும் என்று யோசிக்கவில்லை. அதை வைத்து மறுபடி எழுதிப் போட்டோம். மருத்துவ போர்டு கூடிய நாளில் அவர் சூளூர்ப்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்து, அதிகாரிகளுக்கு முன்னால் நின்று வாயாலும் சொன்னார். டாக்டரம்மாவின் சீட்டும் கூட இருந்தது. அந்த வருஷம் ஆவணியில் பென்ஷன் உத்தரவு வந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியமும் கிடைத்தது. தபால்காரர் கையிலிருந்து உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, என் கணவர் ஒரு குழந்தையைப் போல என் தோளில் சாய்ந்தார்.

நோய் போகவில்லை. அதை மறைத்தால் பெருமாளுக்கே பொறுக்காது. ஆனால் ஐந்து வருஷமாக என் கணவர் என்னோடு இருக்கிறார். எதிர் வீட்டுக்காரி எங்கள் வீட்டில் காபி குடிக்கிறாள். பட்டாளத்திலிருந்து திரும்பி உடம்புக்கு முடியாமல் கிடக்கிறவர்களுக்கு இவர் மனு எழுதிக் கொடுக்கிறார். நான்கு பேருக்கு உத்தரவு வந்துவிட்டது. கோபித்துக்கொண்ட என்னையும் பெருமாள் கைவிடவில்லை. அந்தக் கருணைக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

உங்கள் வீட்டில் மூச்சுக்குத் தவிக்கிறவர் இருந்தால் பெருமாளிடம் சொல்லுங்கள். மனசு கசந்திருந்தாலும் போய்ச் சொல்லுங்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்று டாக்டரிடமும் சொல்லுங்கள். அமாவாசைதோறும் குளத்தின் படியில் நாங்கள் இருப்போம். வந்து பக்கத்தில் உட்காருங்கள்.